முதலில் வாங்கியது

கார் வெளியே பனியில் நனைகிறது.
அது நின்ற இடத்தில்
பீப்பாய்மேல் புனலை ஏற்றிய மாதிரி ஒன்று
கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது:
மூன்று குதிரைத்திறன் தூசு உறிஞ்சி.
அது உறிஞ்சவேண்டிய தூசு
இந்த வீட்டில் இன்னும் பிறக்கவில்லை.

“கல்யாணத்துக்கு முன்னே தொட்டிலா?”
என்றான் லோர்ன்.
மேசை ரம்பத்துக்கென்று
இரண்டு வருடம் சேர்த்த பணம் அது.
நான் ரசீதை மடித்து வைத்தேன்.

ரோடனைசர் வந்து
இருநூற்று நாற்பது வோல்ட் கம்பி இழுத்தார்.
எதற்கு என்றார். காட்டினேன்.
“இதற்கு மட்டுமா?”
சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது,
பில்லில் இல்லை.

பிறகு குழாய்கள்.
ஆறங்குல அடிமரம் ஒன்று
மூச்சுக்குழல் பிரிகிற மாதிரியே
இடமும் வலமுமாய்ப் பிரிந்து,
கிளைமுனை ஒவ்வொன்றிலும் ஓர் அடைப்புத் தகடு.
நேர்முட்டாய்த் திருப்பாதே,
இரண்டு அரைவளைவு போடு,
காற்றுக்கு மூலை பிடிக்காது என்றேன்.
“ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் செய்கிறாயா?”
ஏணி மேலிருந்து கேட்டான்.
ஏறக்குறைய.

பிரிட்ஜ்வாட்டரில் எனக்கு வேலை
மூச்சை அளப்பது.
கண்ணாடிப் பெட்டி, மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழல்.
ஊதுங்கள் ஊதுங்கள் இன்னும் இன்னும் விடாதீர்கள் என்று
நாளுக்குப் பதினொரு தடவை கத்துகிறேன்.
நவம்பரில் ஒருவர்.
அலமாரித் தொழிற்சாலை, சிவப்பு சிடார், வயது முப்பத்தெட்டு.
கோடு கிளம்பிய வேகத்தில்
பாதியிலேயே களைத்துச் சாய்ந்தது.
“சுருள் சுருளாய் விழுமே, அதனாலா?”
இல்லை.
அது அப்பாவி. காலடியில் விழும்,
பெருக்கினால் போய்விடும்.
வெயில் கீற்றிலும் தெரியாத ஒன்று இருக்கிறது.
அன்றைக்கு என் கைப்பையில்
மேசை ரம்பத்தின் விலைப்பட்டியல்.

பெப்ரவரி முழுக்க
உறிஞ்சிக்கு வேலையில்லை.
சும்மா ஓட்டிப் பார்த்தோம்.
ஒரு கையுறை போயிற்று.
பூனையின் கம்பளி எலி போயிற்று.
ரோடனைசரின் பில்லை மட்டும்
லோர்ன் வேண்டுமென்றே நீட்டினான்.
துணி உலர்த்தியும் சேர்ந்து ஓடினால்
வீடே இருண்டது.

மார்ச்சில் ஒரு விளம்பரம் பார்த்து
செஸ்டர் பேசின் வரை போனோம்.
மேசை ரம்பம், அதிகம் ஓடாதது.
கதவைத் திறந்தவர்
அவர்.

எனக்கு அவரைத் தெரியாது.
என் வேலை அப்படி.
அவரும் என்னைத் தெரியாது என்று வைத்துக்கொண்டார்.
லோர்ன் குனிந்து பெல்ட்டை இழுத்து
ஓரச்சட்டத்துக்கு மட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
சொந்தக் கொட்டகைக்கு வந்த விருந்தாளி போல
அவர் வாசலிலேயே நின்றார்.
ஒன்றே ஒன்று கேட்டார்:
“தூசுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?”

ஒரு மாதக் கேலி முழுவதும்
லோர்னின் நாக்கு நுனியில் இருந்தது.
என்ன தோன்றியதோ,
“அதைத்தான் முதலில் வாங்கினோம்”
என்று மட்டும் சொன்னான்.

விலையில் நூறு டாலர் குறைந்தது.
மேப்பிளில் அவரே வெட்டிய தள்ளுகட்டை,
கட்டைவிரல் பதிந்த இடம் மட்டும் பளபளப்பு,
அதையும் ரம்பத்தின் மேல் வைத்தார்.
தூக்க அவர் வரவில்லை.
நாங்களும் கூப்பிடவில்லை.

இன்றிரவு முதல் பலகை. மலிவான பைன்.
உறிஞ்சி முன்னே, ரம்பம் பின்னே,
அந்த வரிசையில்.
சொன்னது எதுவும் கேட்கவில்லை.
பலகை இரண்டானது.
நிறுத்திய பின்னும் உறிஞ்சி
இறங்கி இறங்கிச் சுழன்றுகொண்டிருக்க
இன்னும், இன்னும் என்றேன் பழக்கத்தில்.
பதினாறு விநாடி.

லோர்ன் மேசையை விரலால் தேய்த்து
விளக்கடியில் காட்டினான்.
கொஞ்சம் இருந்தது.
முகமூடியைக் கழற்றாதே என்றேன்.